மாலை வேண்டா, அவையேடு வேண்டும்

தமிழரின் மக்களாட்சி மரபைப் பற்றிப் பேச மேடையேறும் எவரும் உத்தரமேரூரைக் குறிப்பிடாமல் இறங்குவதில்லை. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்ட ஊரில் ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை விளக்குகின்றன. பள்ளி மாணவனும் இதனை அறிவான். ஆயின் அக்கல்வெட்டில் அடங்கிய மற்றொரு விதியை நம் மேடைகள் உரைப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மீண்டும் குடவோலைக்குத் தகுதியுடையவன் ஆகான். அவனுடைய நெருங்கிய உறவினரும் ஆகார் என்பதே அவ்விதி. அந்த ஊரவை நிலமுடைய அந்தணரின் அவை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், பதவி வகித்தவன் தன் செயலுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் கோட்பாட்டை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்த மொழி நம் மொழி. நாமோ குடத்தை நினைவில் வைத்தோம், கணக்கை மறந்தோம். இக்கட்டுரையின் குற்றச்சாட்டு இதுவே.

நம் நாட்டில் நம்மவருள் ஒரு மக்கள் பிரதிநிதி மறைந்தால் நாம் செய்வது என்ன? இரங்கற் கூட்டம் கூட்டுகிறோம். நினைவு மலர் வெளியிடுகிறோம். அவர் பிறந்த தோட்டம், இளமையில் அவர் பட்ட வறுமை, எத்தனை முறை சிறை சென்றார், எந்தப் பிரதமர் அவர் தோளில் கை போட்டார், எத்தனை ஆயிரம் பேர் இறுதி ஊர்வலத்தில் நடந்தனர் என்பன அம்மலரில் நிறைந்திருக்கும். அவர் அவையில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் எந்த மசோதாவை ஆதரித்தார், எதனை எதிர்த்தார், எத்திருத்தத்தைக் கொணர்ந்தார், எந்த வாக்கெடுப்பில் வாய்மூடி இருந்தார் என்பதற்கு ஒரு பக்கமேனும் இராது. நம் மாணவர்கள் எழுதும் 'நான் போற்றும் தலைவர்' கட்டுரைகளும் இம்மலர்களின் நிழலில் எழுந்தவையே. அடைமொழிகளை அகற்றிவிட்டால் எத்தலைவருக்கும் எக்கட்டுரையும் பொருந்தும்!

இதனைப் பெருங்குறை என்கிறேன். அடையாள அட்டைக்கு மனு எழுதித் தருதல், அடைத்த சாக்கடையைத் திறக்கச் செய்தல், ஆலய விழாவுக்குத் தலைமை ஏற்றல் ஆகியவை நல்ல பணிகள்தாம். ஆனால் இவற்றை ஓர் ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் செய்யலாம். ஒரு தலைமையாசிரியரும் செய்யலாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. நாட்டின் சட்டம் உருவாகும் இடத்தில் எழுந்து பேசுவதும், இறுதியில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்வதுமே அப்பணி. அதற்காகத்தான் மக்கள் அவரை அனுப்பினர். அப்பணியை விடுத்து ஏனையவற்றால் அவரை அளப்பது, ஆசிரியரை அவர் கற்பித்த பாடத்தால் அளக்காமல் விளையாட்டு விழாவில் அவர் கட்டிய தோரணத்தால் அளப்பதை ஒக்கும்.

இதனை ஓர் ஊரையும் ஒரு மனிதரையும் முன்வைத்து ஆராய்வோம். ஊர் பினாங்குத் தலைநகரின் டத்தோ கிராமாட். ஈய உருக்காலையும் சிறைச்சாலையும் பிரவுன் திடலும் அணித்தணித்தே அமைந்த தொழிலாளர் வட்டாரம் அது. ஆலை இன்று இல்லை. அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது. இன்று அப்பெயர் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கிய ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு உரியது. ஆனால் 1974ஆம் ஆண்டுவரை டத்தோ கிராமாட் தனித்ததொரு நாடாளுமன்றத் தொகுதியாக விளங்கிற்று. 1959 முதல் 1969 வரை தொழிற்கட்சியின் வழக்கறிஞர் லிம் கியன் சியூ அதன் உறுப்பினர். 1969 மே 10ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் அத்தொகுதி தேர்ந்தெடுத்தவர் தொழிற்சங்கவாதி வி. டேவிட்.

டேவிட்டின் பெயர் நம் ஆசிரியர்க்குப் புதியதன்று. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தையும் பின்னர் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசையும் பொதுச் செயலாளராக நடத்தியவர். 1959 முதல் 1964 வரை பங்சார், 1969 முதல் 1974 வரை டத்தோ கிராமாட், 1978 முதல் 1982 வரை டாமன்சாரா, 1986 முதல் 1995 வரை பூச்சோங் என நான்கு தொகுதிகளின் சார்பில் மக்களவையில் அமர்ந்தவர். 2005ஆம் ஆண்டு மறைந்தார். சோசலிச முன்னணி, கெராக்கான், பெக்கெமாஸ், ஜனநாயகச் செயல் கட்சி எனக் கட்சிகள் மாறின. இவரைப் பற்றி நாம் பேசும்போது இரண்டே செய்திகளைப் பேசுகிறோம்: சிறை சென்றார், தொழிலாளிக்காகக் குரல் கொடுத்தார். இரண்டும் உண்மையே. இரண்டும் போதா. முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் நான்கு தொகுதிகளின் வாக்கைக் கையிலேந்திய ஒருவரின் கணக்கு இரண்டு தொடரில் அடங்குமோ?

கணக்கு எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண்போம். மக்களவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவையேட்டில் பதிவாகிறது. 1959ஆம் ஆண்டு முதலான ஏடுகளை நாடாளுமன்றமே இன்று இணையத்தின் வழி எவரும் படிக்க வைத்துள்ளது. பேச்சுக்கு இத்தகைய பதிவு இருக்க, வாக்குக்கோ ஒரு திரை உண்டு. மசோதா ஒன்று முடிவுக்கு வருங்கால் அவைத்தலைவர் ஆதரிப்போரின் குரலையும் மறுப்போரின் குரலையும் கேட்டு, எக்குரல் ஓங்கியது என அறிவிக்கிறார். பெரும்பாலான சட்டங்கள் இவ்வாறே நிறைவேறுகின்றன. யார் எவ்வாறு வாக்களித்தார் எனப் பெயர் வாரியாகப் பதிய வேண்டுமாயின் பதினைந்து உறுப்பினராவது எழுந்து நின்று கோர வேண்டும். அவ்வாறு கோரினால் மணி அடிக்கும்; தலைகள் எண்ணப்படும்; பெயர்கள் ஏட்டிலேறும்.

பதினைந்து என்னும் எண் சிறிதாகத் தோன்றலாம். 2020 நவம்பர் 26ஆம் நாள் அதன் பெருமையை நாடு கண்டது. அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் கொள்கை அளவில் வாக்குக்கு வந்தபோது, எதிர்க்கட்சி வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தும், பெயர்ப் பதிவு கோரி எழுந்தவர் பதின்மூவரே. இருவர் குறைந்தமையால் திட்டம் குரல் வாக்கிலேயே நிறைவேறிற்று. அன்று யார் என்ன நினைந்தார் என்பதற்கு ஏடு சான்று கூறாது. அதே திட்டம் டிசம்பர் 15ஆம் நாள் இறுதிப் படிக்கு வந்தபோது பெயர்ப் பதிவு நிகழ்ந்தது. 111 பேர் ஆதரிக்க, 108 பேர் எதிர்த்தனர். ஒரே திட்டம்; பத்தொன்பது நாள் இடைவெளி. ஒரு நாள் திரை மூடியிருந்தது; மறுநாள் திறந்தது. திரை மூடிய நாளைப் பற்றி வாக்காளன் எவ்வளவு கேட்டாலும் விடை கிடையாது. எனவே கணக்குக் கேட்பதென்பது வாக்கைக் கேட்பது மட்டுமன்று. பெயர்ப் பதிவு கோரி எழுந்து நின்றவர் யார் என்று கேட்பதும் ஆகும்.

இனி டேவிட் வாழ்ந்த காலத்தின் ஏடுகளைப் புரட்டுவோம்.

முதல் ஏடு 1960. அவசரகாலம் முடிவுக்கு வந்த அவ்வாண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்திற்கு வந்தது. விசாரணையின்றி ஒருவரை ஈராண்டு சிறை வைக்கவும், அவ்வீராண்டை மீண்டும் மீண்டும் நீட்டிக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் தந்த சட்டம் அது. அன்று மக்களவையில் இருந்த இடங்கள் 104. சோசலிச முன்னணிக்கு இருந்தவை எட்டே. டத்தோ கிராமாட்டின் லிம் கியன் சியூவும் பங்சாரின் டேவிட்டும் அவ்வெட்டில் அடங்குவர். முன்னணி அச்சட்டத்தை எதிர்த்தது, ஈப்போவின் டி. ஆர். சீனிவாசகம் முதலான மக்கள் முற்போக்குக் கட்சியினரும் எதிர்த்தனர். தோற்றனர். 1960 ஆகஸ்ட் முதல் நாள் சட்டம் நடப்புக்கு வந்தது.

'தோற்கும் என்று தெரிந்தே அளிக்கும் வாக்கினால் என்ன பயன்?' என்று வினவுவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு அச்சட்டத்தின் வரலாறே விடை தருகிறது. 1979இல் மலேசிய விமான நிறுவனத் தொழிற்றகராற்றின்போது டேவிட் அதே சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மீண்டும் சிறைப்பட்டார். அச்சட்டம் நீக்கப்பட்டது 2012ஆம் ஆண்டில். ஐம்பத்திரண்டு ஆண்டுகட்குப் பின்னர். விசாரணையற்ற சிறை தீது என்னும் வாதம் 2012இல் புதிதாகப் பிறந்ததன்று. அரை நூற்றாண்டுக்கு முன் தோற்ற சிறுபான்மையினர் ஏட்டில் எழுதி வைத்துச் சென்ற வாதம் அது. தோற்ற வாக்கு அன்றைய சட்டத்தைத் தடுக்கவில்லை. ஆனால் அச்சட்டம் ஒருமனதாக நிறைவேறியது என்று எவரும் பொய்யுரைக்க முடியாதபடி அது காத்து நின்றது. சிறைக்குச் சென்றதை மட்டும் பேசி, அச்சிறையைக் கட்டிய சட்டத்தை அவர் கட்சி எதிர்த்த நாளைப் பேசாது விடுவோமாயின், நாம் அவருடைய துன்பத்தைப் போற்றி அறிவைப் புறக்கணித்தவர் ஆவோம்.

இரண்டாம் ஏடு 1971. இங்கே வழிபாட்டு மனத்தினர்க்குச் சிறிது கசக்கும். 1969 மே 13இன் கலவரத்திற்குப் பின் நிறுத்தி வைக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில் மீண்டும் கூடிற்று. கூடியவுடன் வந்தது அரசியலமைப்புத் திருத்தம். குடியுரிமை, தேசிய மொழி, சிறப்புரிமை, மன்னர்களின் இறைமை ஆகிய நான்கினையும் கேள்விக்கு உட்படுத்தலாகாது என்றும், அவைக்குள் பேசினும் தேச நிந்தனைச் சட்டத்திலிருந்து உறுப்பினர்க்குக் காப்பில்லை என்றும் அது விதித்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் நாவுக்கு இருந்த தொன்மையான பாதுகாப்பை நாடாளுமன்றமே குறைத்துக்கொண்ட நாள், 1971 மார்ச் 3. ஆதரவு 125, எதிர்ப்பு 17. எதிர்வாக்குகள் ஜனநாயகச் செயல் கட்சியிலிருந்தும் மக்கள் முற்போக்குக் கட்சியிலிருந்தும் வந்தன. டத்தோ கிராமாட் உறுப்பினர் அன்று சார்ந்திருந்த கெராக்கான், எதிர்வரிசையில் அமர்ந்திருந்தும், அத்திருத்தத்தை எதிர்க்கவில்லை.

இது குற்றமா? நாட்டின் காயம் ஆறாத நேரத்தில் காட்டிய நிதானமா? இரு பக்கமும் வாதம் உண்டு. என் கருத்து, நாவைக் கட்டும் சட்டத்திற்கு எதிர்க்கட்சி துணை நின்றிருக்கலாகாது என்பதே. மாறாகக் கருதுவோரை மதிக்கிறேன். ஆனால் இவ்வினாவை எழுப்பாமலே அம்மனிதரை 'அஞ்சா நெஞ்சர்' என்று எழுதிவிட்டுச் செல்லும் கட்டுரையாளரை மதிக்க இயலவில்லை. பாராட்டும் ஆராய்ச்சிக்குப் பின்னரே வர வேண்டும். தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த நூலை நாள்தோறும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்திருத்தத்தின் பின்கதையும் நம்மைச் சார்ந்ததே. 1978 அக்டோபரில் சபா மாநிலத்தைச் சேர்ந்த உறுப்பினர் மார்க் கோடிங் மக்களவையில் எழுந்து, சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்று பேசினார். மொழி பற்றிய 152ஆம் விதியைத் திருத்த வேண்டும் என்றும் கூறினார். அவர் மீது தேச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நுட்பமானது. பள்ளிகளை மூடச் சொன்னது நிந்தனையன்று. 152ஆம் விதி பிற மொழிகளுக்குத் தந்த காப்பை நீக்கச் சொன்னதே நிந்தனை என்று அது பகுத்தது. ஒரு மொழியைக் கற்பிப்பதற்கும் அம்மொழியின் வாயிலாகப் பிற பாடங்களைக் கற்பிப்பதற்கும் இடையே கோடு கிழிக்கப்பட்டது. எதிர்க்கட்சியின் நாவைக் கட்டிய அதே கயிறு, தமிழ்ப் பள்ளியை மூடச் சொன்னவரையும் கட்டியது. ஆயினும் பள்ளிக்கு அது முழு வேலியாக அமையவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்னும் வழக்கு அண்மையில் மீண்டும் எழுந்ததையும், அவை முரணானவை அல்ல என 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்ததையும் எண்ணிப் பார்க்க. தமிழாசிரியரின் வகுப்பறைக் கூரை நாடாளுமன்ற வாக்குகளின் மேல் நிற்கிறது. 1971இன் ஏட்டைப் படிக்காதவர், தாம் நிற்கும் தரையைப் படிக்காதவர்.

மூன்றாம் ஏடு 1972. 1969இல் டத்தோ கிராமாட் மக்கள் ஆளும் கூட்டணிக்கு எதிராக வாக்களித்தனர். அவ்வெதிர்ப்பின் சின்னமாகவே கெராக்கானைத் தேர்ந்தனர். 1972 பிப்ரவரியில் கெராக்கான் பினாங்கில் அதே கூட்டணியுடன் கூட்டாட்சி அமைத்தது. அதற்குமுன்னரே கட்சியில் பிளவு முற்றியிருந்தது. டாக்டர் டான் சீ கூன் முதலானோர் பிரிந்து பெக்கெமாசை நிறுவினர். டேவிட் அவர்களோடு நின்றார். கட்சிப் பெயரை மட்டும் பார்ப்பவர், 'டேவிட் தாவினார்' என்பர். வாக்கு எதற்காக அளிக்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர், கட்சிதான் இடம் மாறிற்று, உறுப்பினர் மக்கள் நிறுத்திய இடத்திலேயே நின்றார் என்பர்.

இன்றைய சட்டத்தோடு இதனை ஒப்பிடுக. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 ஜூலை 28ஆம் நாள் மக்களவையில் 209 வாக்குகளுடன், ஓர் எதிர்வாக்குமின்றி நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபரில் நடப்புக்கு வந்தது. 2020இன் தாவல்களைக் கண்டு சலித்த மக்கள் அதனை வரவேற்றனர். அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் சட்டத்தின் சொற்களை நோக்குக. கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் இடம் இழப்பார். கட்சியே தன் கூட்டணியை விட்டு எதிரணிக்குச் சென்றாலோ எவரும் எதனையும் இழப்பதில்லை. இச்சட்டம் 1972இல் இருந்திருப்பின், வாக்காளர் நிறுத்திய இடத்தில் நிற்பதற்காகக் கட்சியை விட்டு விலகியவர் நாற்காலியை இழந்திருப்பார். இடம் மாறிய கட்சியினர் அமைதியாக அமர்ந்திருப்பர். இத்தகைய சட்டத்திற்கு ஓர் எதிர்வாக்கும் விழவில்லை என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாவா? டத்தோ கிராமாட்டின் பழைய ஏட்டை அறிந்தவர் எவரேனும் அன்று அவையில் இருந்திருப்பின், ஒரு திருத்தமேனும் முன்மொழிந்திருப்பர். வரலாறு கற்பது பழம்பெருமை பேசுவதற்கன்று. இன்றைய மசோதாவின் ஓட்டையைக் காண்பதற்கு.

நான்காம் ஏடு வெற்று நாற்காலியின் ஏடு. 1979இல் டேவிட் சிறைப்பட்டபோது அவர் டாமன்சாரா உறுப்பினர். 1980இல் தொழிற்சங்கச் சட்டமும் தொழிலுறவுச் சட்டமும் திருத்தப்பட்டன. சங்கப் பதிவாளரின் அதிகாரம் விரிந்தது. வேலைநிறுத்தத்தின் எல்லை குறுகியது. சங்கத் தலைவர்கள் சிறையிடப்பட்ட நிகழ்ச்சிக்கும் சங்கத்தைச் சிறையிடும் சட்டத்திற்கும் இடைவெளி ஓராண்டே. சிறைக் கதையைச் சொல்லும் நாம் சட்டக் கதையைச் சொல்வதில்லை. சிறைக் கதவு திறந்தது. 1980இன் திருத்தங்களோ தொழிலாளியின் தோளில் ஏறி அமர்ந்தன.

1988இல் இதே கதை ஜெலுத்தோங்கில் நிகழ்ந்தது. 1978 முதல் 1999 வரை அத்தொகுதியின் உறுப்பினர் வழக்கறிஞர் கர்ப்பால் சிங். 1987 அக்டோபரில் அவர் சிறைப்பட்டார். 1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றே மீண்டும் கைதானார். அதே மார்ச்சுத் திங்களில் அரசியலமைப்பின் 121ஆம் விதி திருத்தப்பட்டது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களைச் சாரும் என்றிருந்த வாசகம் நீங்கி, நாடாளுமன்றச் சட்டம் தரும் அதிகாரமே அவற்றுக்கு உண்டு என்றாயிற்று. நாட்டின் நீதித்துறையைப் பற்றிய அம்மாபெரும் வாக்கெடுப்பில் ஜெலுத்தோங் மக்களுக்கு வாக்கில்லை. அவர்களின் வாக்கு கமுந்திங் முகாமில் அடைபட்டிருந்தது. ஓர் உறுப்பினரைச் சிறையிடுவது ஒரு மனிதரைச் சிறையிடுவது மட்டுமன்று, ஒரு தொகுதியையே வாய்பேசாது செய்வது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சிறையை 'தியாகம்' என்று மட்டும் பாடுவோர் இவ்விழப்பைக் காண்பதில்லை. தியாகம் அவருடையது, இழப்பு நம்முடையது.

பிற நாடுகள் எவ்வாறு செய்கின்றன என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். அமெரிக்காவின் அரசியலமைப்பு, அவையில் உள்ளோரில் ஐந்தில் ஒரு பங்கினர் விரும்பினால் ஆம், இல்லை என்னும் வாக்குகளைப் பெயருடன் பதிய வேண்டும் எனத் தொடக்கம் முதலே விதித்துள்ளது. அங்கே ஒருவர் பதவியை விட்டு அகன்று பல்லாண்டு கழிந்த பின்னும், அவர் கொணர்ந்த மசோதாக்களையும் அளித்த வாக்குகளையும் பள்ளி மாணவன் வரிசையாகப் படித்தறியலாம். அந்நாட்டுப் பேரவைக்குத் தேர்வான முதற்பெண்மணி ஜெனட் ராங்கின், 1917இல் முதல் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஐம்பதின்மருள் ஒருவர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பான் மீது போர் தொடுக்கும் தீர்மானம் கீழவையில் வந்தபோது ஆதரவு 388, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று அவருடையது. அவர் சொன்னது சரியா, தவறா என்று இன்றும் வழக்காடுகின்றனர். ஜப்பானிய ஆட்சியின் கொடுமையை நேரில் கண்ட நம் மண்ணில் அவ்வாக்கைப் பலர் ஏற்கமாட்டார். ஆனால் வழக்காட அவர்களிடம் ஏடு உண்டு. அமெரிக்க ஆட்சியின் பிழைகளை நான் அறியாதவன் அல்லேன். பெயருடன் வாக்குப் பதியும் அவ்வொரு வழக்கத்தையே கடன் கேட்கிறேன்.

இனி என் கருத்துக்கு வரும் மறுப்புகளைப் பார்ப்போம்.

'எதிர்க்கட்சி உறுப்பினர் சட்டம் இயற்ற முடியாது. அரசாங்க அலுவல்களுக்கே அவையில் முன்னுரிமை. தனி உறுப்பினர் மசோதாவுக்கு நேரமே கிடைப்பதில்லை. பின் எதனைக் கணக்குக் கேட்பது?' என்பது முதல் மறுப்பு. நேரம் கிடைப்பதில்லை என்பது உண்மை. அதனாலேயே வாக்கும் வாதமும் மேலும் விலைமதிப்புடையன ஆகின்றன. மசோதா கொணர முடியாதவர் திருத்தம் முன்மொழியலாம், வினா எழுப்பலாம், பெயர்ப் பதிவு கோரி எழலாம். செய்தாரா என்று கேட்போம். ஆளுங்கட்சி உறுப்பினர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையுடன் பொருந்தும். அமைச்சரவையில் அமர்ந்து கைதூக்கிய நம்மவர் எத்தனை சட்டங்களில் எவ்வாறு கைதூக்கினர் என்பதைப் பட்டியலிட்டால், மாலைகள் பல வாடும்.

'வாக்கு கட்சிக் கொறடாவின் கையில் உள்ளது. தனிமனிதரைக் குறை கூறுவது முறையன்று' என்பது இரண்டாம் மறுப்பு. அவ்வாறாயின் தனிமனிதரைப் புகழ்வதும் முறையன்று. புகழ் தனக்கு, பழி கட்சிக்கு என்னும் பங்கீட்டை எந்த அறநூல் ஒப்பும்?

'அவையேடு மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. தமிழ் மாணவர்க்கு அது எதற்கு?' என்பது மூன்றாம் மறுப்பு. நம் மாணவர் மும்மொழி கற்கின்றனர் என்று பெருமை பேசுகிறோமே. அப்பெருமைக்குப் பயன் யாது? 1962இல் அண்ணா புது தில்லி மேலவையில் ஆங்கிலத்தில் ஆற்றிய கன்னியுரையைத் தமிழாக்கி, நூலாக்கி, மனப்பாடம் செய்த சமுதாயம் இது. கடல் கடந்த அவையின் பேச்சைத் தமிழில் படித்த நமக்கு, கோலாலம்பூர் அவையின் பேச்சைத் தமிழில் தருவதற்கு ஆள் இல்லையா? எழுத்தாளர்க்கு இதனினும் நல்ல பணி எது?

'பள்ளியில் அரசியல் புகலாகாது' என்பது நான்காம் மறுப்பு. கட்சி அரசியல் புகலாகாது; ஒப்புகிறேன். ஆனால் ஏட்டில் உள்ள வாக்கைப் படிப்பது கட்சி வேலையன்று. கட்சி வேலை மேடையில் நடக்கிறது, பட்டமளிப்பில் நடக்கிறது, பள்ளி விழாவுக்கு வந்து காசோலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்போது நடக்கிறது. அதற்கெல்லாம் வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, அவையேட்டைக் கண்டவுடன் கதவடைப்பது எவ்வகை நடுநிலை?

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! செய்ய வேண்டுவன பெரியன அல்ல. தலைவரைப் பற்றிய கட்டுரை எழுதும் மாணவன் அடைமொழிக்கு முன் மூன்று செய்திகளைத் தேடி எழுதட்டும்: அவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தத் தொகுதிக்கு உறுப்பினர், அக்காலத்தில் நிறைவேறிய முதன்மையான சட்டங்கள் யாவை, அவற்றில் அவர் என்ன பேசினார், எப்பக்கம் நின்றார். இம்மூன்றும் இல்லாத கட்டுரைக்கு எத்துணை இனிய நடை இருப்பினும் முழு மதிப்பெண் வழங்காதீர். நம் சங்கங்கள் நினைவு மலர் வெளியிடும்போது வாழ்த்துச் செய்திகளின் பக்கங்களைக் குறைத்து, மறைந்தவர் அவையில் ஆற்றிய ஒரு முழு உரையையேனும் தமிழாக்கிச் சேர்க்கட்டும். வாக்குக் கேட்டு வரும் இன்றைய உறுப்பினரிடம், 'சென்ற தவணையில் எத்தனை முறை பெயர்ப் பதிவு கோரி எழுந்து நின்றீர்?' என்று ஒருவரேனும் வினவட்டும். பதின்மூவர் மட்டுமே எழுந்த நாளை மறவாதவரின் வினாவாக அது இருக்கட்டும்.

டேவிட் இக்கணக்கில் தேறுவாரா என்றால், பெரிதும் தேறுவார் என்பதே என் துணிபு. 1972இல் அவர் நின்ற இடம் அவருக்குப் பெருமை. 1971இல் அவர் கட்சி நின்ற இடம் வாதத்திற்கு உரியது. 1960இன் எட்டுப் பேருள் ஒருவராக அவர் இருந்தது காலத்தால் அழியாதது. இவ்வாறு நிறையும் குறையும் அறிந்து ஒருவரைப் போற்றினால், அப்போற்றுதலுக்கு எடை உண்டு. அடைமொழியால் மட்டும் போற்றப்பட்டவரை அடுத்த தலைமுறை மறக்கும். அவருக்கும் எதிர்வீட்டுத் தலைவருக்கும் வேறுபாடு காணாமல் மறக்கும். டத்தோ கிராமாட் என்னும் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்திலிருந்து மறைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அத்தொகுதியின் பெயரால் அளிக்கப்பட்ட வாக்குகள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. படிக்கும் கண்களே வேண்டும்.